பேஸ்பால்ல ஃபாஸ்ட்பால் (வேகமா போடற பந்து) பத்தி நீங்க கேட்டது

கே: மணிக்கு 100 மைல் வேகத்துல போடறவனையே சாத்தறாங்க, ஆனா 90 போடறவன் பந்த தொட முடியல. எப்படி சார்?

வேகம் வேணாம்னு சொல்ல மாட்டேன். 95 மைல்ல வர்ற பந்து கைய விட்டு பிளேட்டுக்கு (பேட்டர் நிக்கற எடம்) வர சுமாரா 0.4 செகண்ட், அவ்ளோதான் டைம். அதனால பேட்டர் கடைசி வரைக்கும் பந்த பாத்துட்டு அடிக்கறதில்ல, பாதி வழிலயே "இங்கதான் வரும்"னு ஒரு கணக்கு போட்டு பேட்ட சுத்திடறான், அந்த கணக்க தப்பாக்கற பந்துதான் நல்ல ஃபாஸ்ட்பால். நினைச்ச எடத்துக்கே வந்து நிக்கற 100 மைல் பந்துக்கு டைமிங் செட் ஆயிடுச்சுன்னா கதை முடிஞ்சது.

கே: பந்து மேல எழும்புதுன்னு சொல்றாங்களே, நெஜமா?

இல்ல, கண்ணு ஏமாறுது. ஃபோர்-சீம் பிடில, அதாவது பந்தோட தையலுக்கு குறுக்க விரல வெச்சு பிடிக்கறப்ப, விரல் பந்த பின்பக்கமா சுத்தி விடுது, அந்த பேக்ஸ்பின் பந்த கொஞ்சம் தூக்கி பிடிக்குது, ஆனா புவியீர்ப்ப ஜெயிக்கற அளவுக்கு இல்ல. சுழற்சியே இல்லாத பந்து எவ்ளோ விழுமோ அத விட சராசரி ஃபோர்-சீம் ஒரு 16 இன்ச் கம்மியா விழும், 19, 20 கொண்டு வர்றவனும் இருக்கான். மூணு நாலு இன்ச்சுல என்ன வந்துதுன்னு கேக்காதீங்க, பேட்டோட தடிமனே அதிகபட்சம் 2.61 இன்ச்தான், பேட்டர் சராசரி பந்துக்கு கணக்கு போட்டு சுத்துவான், பந்து பேட்டுக்கு மேல போயிடும். இப்ப நிறைய பேர் கீழேர்ந்து மேல தூக்கி அடிக்கறாங்க இல்லையா, அவங்களுக்கு நெஞ்சுக்கு கிட்ட இந்த பந்த போட்டா ரொம்ப கஷ்டம். அதே பந்து தொடை உயரத்துல போனா வாங்கி கட்டிக்கணும்.

கே: பிட்சருங்க (பந்து போடறவங்க) கைல பிசின் தடவற விவகாரம் இதுக்காகத்தானா?

ஆமா, பிடி ஒட்டினா சுழற்சி கூடும். 2021 ஜூன்ல மேஜர் லீக்ல (அமெரிக்காவோட பெரிய பேஸ்பால் லீக்) அம்பயருங்க பிட்சர் கையையும் தொப்பியையும் செக் பண்ண ஆரம்பிச்சதும் லீக் முழுக்க சுழற்சி எறங்குச்சு. அதுலயே புரிஞ்சுக்கலாம்.

கே: உயரமா இருந்தா லாபமா?

உயரத்த விட எவ்ளோ முன்னாடி வந்து பந்த விடறான்னு பாருங்க. மவுண்டுலேர்ந்து (பிட்சர் நிக்கற மேடு) பிளேட்டுக்கு 60 அடி 6 இன்ச், ஆனா டைலர் கிளாஸ்னோ மாதிரி பிட்சர் ஏழடிக்கு மேல முன்னாடி வந்து விடறாரு. ஒரு அடி கூட முன்னாடி வந்தாலே பேட்டருக்கு ஒண்ணரை மைலுக்கு மேல வேகம் கூடின மாதிரி இருக்கும்.

கே: 90 கூட தாண்டாதவன் என்ன பண்றது?

2013ல ரெட் சாக்ஸ் டீமுக்கு வேர்ல்ட் சீரிஸ்ல (மேஜர் லீக் ஃபைனல்) கடைசி அவுட் எடுத்த கோஜி உயேஹாராவ பாருங்க. அவரு ஃபாஸ்ட்பால் சராசரியா 90 கூட தொடாது, ஆனா அதே கை வீச்சுல ஸ்ப்ளிட்டர் (பிளேட்டு கிட்ட வந்து கீழ விழற பந்து) வேற போடுவாரு, எது எதுன்னு தெரியறதுக்குள்ள ஒண்ணு கீழ விழுந்துடும் இன்னொண்ணு நேரா போயிடும்.

கே: பையனுக்கு 12 வயசு, இங்க அமெரிக்கால லீக்ல ஆடறான், வேகம் கூட்டணும்.

அவசரமே வேணாம். அந்த வயசுக்கு ஒரு நாளைக்கு 85 பந்துதான் லிமிட், 66க்கு மேல போட்டா நாலு நாள் ரெஸ்ட். மொதல்ல நெனச்ச எடத்துல போடட்டும்.