ஒரு மணி நேரப் பேச்சு போதுமா?

கேள்வி: அனைவரையும் அரவணைக்கும் பணிச்சூழல் குறித்துப் பேச, எங்கள் நிறுவனம் முன்னாள் விளையாட்டு வீரர் ஒருவரை அழைத்திருக்கிறது. இதனால் பயன் உண்டா?

பதில்: உண்டு, ஆனால் மறுநாள் நடப்பதைப் பொறுத்தது. 1995 ரக்பி உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், தென்னாப்பிரிக்கக் கறுப்பின மக்களில் பலர் வெள்ளையர் ஆதிக்கத்தின் சின்னமாகக் கருதி வெறுத்த, அந்நாட்டு ரக்பி அணியின் பச்சைச் சட்டையை, அதுவும் அணித்தலைவர் பினாரின் 6ஆம் எண்ணோடு, மண்டேலா அணிந்து வந்தார். நெஞ்சை உருக்கும் காட்சிதான். எனினும், கறுப்பினத்தவரான சியா கோலிசி டெஸ்ட் எனப்படும் நாடுகளுக்கிடையிலான ஆட்டங்களில் அந்த அணியின் தலைவராவதற்கு 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லும் பேச்சாளரையே நான் மதிப்பேன். உங்கள் கூட்டங்களில் யாருடைய பேச்சு இடைமறிக்கப்படுகிறது, பதவி உயர்வில் யார் விடுபடுகிறார்கள் என்பதை அவரிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள். பாதி நேரத்தைக் கேள்விகளுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள்.