மோட்டல் 6 கிளைகளை வரைபடத்தில் இட்டால் என்ன தெரியும்?

அமெரிக்காவின் மலிவு விலை விடுதித் தொடரான மோட்டல் 6-இன் கிளை முகவரிப் பட்டியல் கையில் இருக்கிறது, அதை வைத்து என்ன ஆராயலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வெறும் புள்ளிகளாக வைத்துப் பார்த்தால் கலிஃபோர்னியாவும் டெக்சாஸும் நிரம்பி வழியும். ஆனால் அங்கே மக்கள்தொகையே அதிகம், அதில் பெரிய செய்தி ஒன்றுமில்லை. மாநிலவாரியாக லட்சம் பேருக்கு எத்தனை கிளை என்று வகுத்துப் பாருங்கள், படம் மாறும்.

அப்புறம் அதே வரைபடத்தின் மேல் நெடுஞ்சாலைகளையும் வரைந்து பாருங்கள். எனக்குப் பிடித்த கட்டமே இதுதான். 40ஆம் எண் நெடுஞ்சாலையில் ஃபிளாக்ஸ்டாஃப், அல்புகெர்க்கி, அமரில்லோ என்று நகரத்துக்கு நகரம் கிளைகள் மணி கோத்தது போல வரும். முதல் இரண்டுக்கும் நடுவே சுமார் 520 கி.மீ.; ஒருவர் ஒரு நாளில் களைக்காமல் ஓட்டக்கூடிய தூரம். 1962-இல் சாண்டா பார்பராவில் ஓர் இரவுக்கு 6 டாலர் என்று தொடங்கிய விடுதி இது. சாலையில் போகிறவர்தான் வாடிக்கையாளர். நகர மையத்தில் நில விலை அதிகம். சாலையை விட்டு இறங்கும் இடத்தில் குறைவு. (2024-இல் இதை வாங்கியது நம்ம ஊர் ஓயோவின் தாய் நிறுவனம்!)

ஒரு எச்சரிக்கை: தூரத்தை டிகிரிகளில் கணக்கிடாதீர்கள். அட்சரேகையில் 1 டிகிரி ஏறக்குறைய 111 கி.மீ. தீர்க்கரேகையில் 1 டிகிரியோ அல்புகெர்க்கி பக்கம் 91 கி.மீ.தான். நான் முதலில் இதைக் கவனிக்காமல், பக்கத்துக் கிளை எது என்றே தப்பாக எடுத்துவிட்டேன். பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்து இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள தூரத்தைச் சொல்லும் ஹாவர்சைன் சூத்திரம் போட்டால் சரியாகிவிடும்.