துருவப் பயணி ஒருவரின் உருவப்படத்தைக் கலப்பு ஊடகத்தில் செய்ய என்னென்ன பொருட்கள் எடுக்கலாம்?

யாரை வரையப் போகிறீர்கள் என்று கேள்வியில் இல்லை. நான் அண்டார்க்டிகாவுக்குக் குழுவோடு போன எர்னஸ்ட் ஷாக்கிள்டனைச் செய்தேன், அதை வைத்துச் சொல்கிறேன். பொருட்களை அந்த ஆளின் கதையிலிருந்தே எடுங்கள்.

அவருடைய எண்டூரன்ஸ் கப்பல் 1915 ஜனவரியில் அண்டார்க்டிகாவை ஒட்டிய வெடல் கடலின் பனியில் சிக்கி, நவம்பரில் மூழ்கியது. 28 பேரும் எலிபன்ட் தீவில் ஒதுங்கினார்கள். அங்கிருந்து ஷாக்கிள்டனும் ஐந்து பேரும் உதவி தேடி சுமார் 1,300 கிலோமீட்டர் தள்ளியிருந்த தெற்கு ஜார்ஜியா தீவுக்குப் போன படகு வெறும் 22.5 அடி நீளம். இங்கே பாம்பனில் கரையோரம் நிற்கும் வள்ளம் அளவுதான். தச்சர் மெக்னிஷ் பெட்டிப் பலகையும் கித்தானும் வைத்து அதற்கு மேல்தளம் போட்டார். பலகை இடுக்கை அடைக்க விளக்குத் திரி, சீல் என்ற கடல்நாயின் ரத்தம், கூடவே குழுவின் ஓவியர் ஜார்ஜ் மார்ஸ்டனின் எண்ணெய் வண்ணம். படம் வரைய வைத்திருந்த வண்ணம் ஆறு பேரின் உயிரைக் காக்கப் போயிருக்கிறது! இதைப் படித்த பிறகு அக்ரிலிக்கில் ஒரு முகத்தை மட்டும் வரைந்துவிட்டுப் போக எனக்கு மனமே வரவில்லை.

அதனால் படகின் பழைய பாய்த்துணி வாங்கினேன். உப்புப் போகும்வரை நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, பிளைவுட்டில் ஒட்டினேன். துணியின் கிழிசல்களைத் தைக்கவில்லை. ஒவ்வொன்றிலும் விளக்குத் திரியைத் திணித்து, மேலே எண்ணெய் வண்ணத்தைக் கத்தியால் அழுத்தினேன். நம்மூரில் படகுக்குப் பஞ்சு அடைத்துக் குங்கிலியம் பூசுவார்களே, கை வேலை அதேதான். வரிசை முக்கியம்: பசை, அக்ரிலிக் எல்லாம் முதலில், எண்ணெய் வண்ணம் கடைசியில். மாற்றிப் போட்டால் மேல்பூச்சு பிடிக்காமல் உரியும்.

பனிக்குக் கல்லுப்பு ஒட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். வாலிநோக்கத்தில் உப்பளமே இருந்தாலும் வேண்டாம். கடல் உப்பிலுள்ள மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுக்கும்; ஐப்பசி மழை தொடங்கினால் கசிந்து படத்தையே கெடுத்துவிடும். சாக்பீஸ் தூளை வெள்ளை அக்ரிலிக்கோடு குழைத்துப் பூசுங்கள், போதும்.

முகத்தில் எதையும் ஒட்டாதீர்கள். நான் கரிக்கோலில் மட்டும் வரைந்தேன். அந்தப் பயணத்தில் ஃப்ராங்க் ஹர்லி எடுத்த புகைப்படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன, ஆனால் கண்ணோரச் சுருக்கம் அவற்றில் எனக்குத் தெளிவாகக் கிடைக்கவில்லை. அதற்கு உச்சி வெயிலில் கரையில் உட்கார்ந்து, கடலிலிருந்து திரும்பும் அண்ணன்களின் முகத்தைப் பார்த்து வரைந்தேன். தண்ணீர்க் கூச்சமோ பனிக் கூச்சமோ, கண் இடுங்குவது ஒரே மாதிரிதான். மேல் இமை அதிகம் இறங்காது, கீழ் இமைதான் ஏறி வரும். அப்புறம் கரி உதிராமல் ஃபிக்ஸேட்டிவ் அடித்துவிடுங்கள்.

ஒருவேளை நீங்கள் ஆமுண்ட்சனை வரைவதாக இருந்தால் இந்தப் பாய்த்துணி பொருந்தாது. 1911 டிசம்பரில் அவர் தென்துருவம் போனது நாய் வண்டியில், தோலாடை போட்டுக்கொண்டு. அவருக்குத் தோல் துண்டும் வார்க்கயிறும் தேடுங்கள்.