'நியாயமான சந்தேகம்' பேரில் போதைப் பரிசோதனை என்றால் என்ன?

அமெரிக்காவில் லாரி, பஸ் ஓட்டுநர்களுக்கான மத்திய விதி இது. பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர், தோற்றம், நடத்தை, பேச்சு, உடல்வாடை ஆகியவற்றில் தானே நேரில் கண்டதை வைத்துச் சந்தேகம் எழுந்தால், ஓட்டுநரை மது அல்லது போதைமருந்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். வெறும் ஊகம் போதுமென்றால் பழிவாங்கலுக்கு வழியாகிவிடும். பக்கத்து வீட்டார் 'கேஸ் வாடை' என்றாலும், நாமே மோந்து பார்த்த பிறகுதானே மெக்கானிக்கைக் கூப்பிடுகிறோம்?

'குடித்திருந்தார்' என்ற குறிப்பு நிற்காது. 'காலை 6.10, சாவி இருமுறை கைநழுவியது, வாயில் மதுநெடி' என்பது நிற்கும். பலர் கோட்டை விடுவது நேரத்தில்தான்: மதுச் சோதனை 2 மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும், தவறினால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும், 8 மணி நேரம் கடந்தால் முயற்சியையே கைவிட வேண்டும். மது அவ்வளவு வேகமாக ரத்தத்திலிருந்து இறங்கிவிடும்.

சோதனைக்கு மறுத்தால் தப்பிக்கலாம் என்பது தவறு; மறுப்பும் விதிமீறலே, உடனே வண்டியோட்டும் வேலையிலிருந்து விலக்கப்படுவார்.