டென்னசி வாக்கிங் என்னும் அமெரிக்கக் குதிரை இனத்தின் சிறு மாதிரி உருவங்களைச் சேகரித்து, மாதிரிக் குதிரைகளுக்கான போட்டிகளில் காட்ட விரும்புகிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

நிறத்தையும் பளபளப்பையும் பார்ப்பதற்கு முன்பு கால்களைப் பாருங்கள்.

இந்த இனத்தின் பெருமை முழுவதும் ‘ரன்னிங் வாக்’ என்னும் நடையில் இருக்கிறது. சாதாரண நடையில் கால்கள் விழும் அதே வரிசையில், ஆனால் மிக விரைவாக, நான்கு காலடிகளும் தனித்தனியே கேட்கும்படி விழும். முன்னங்கால் பதிந்த தடத்தைத் தாண்டி அதே பக்கத்துப் பின்னங்கால் முன்னே போய்ப் பதியும். அடிக்கு அடி தலை மேலும் கீழும் அசையும். நான்கு கால்களும் ஒருசேரத் தரையை விட்டு எழும் கணமே இதில் இல்லாததால், மேலே இருப்பவர் குலுங்குவதில்லை. இத்தனையையும் அசையாத ஓர் உருவத்தில், ஒரே கணத்தில் சிற்பி காட்டியாக வேண்டும். குறுக்காக உள்ள இரு கால்கள், அதாவது ஒரு முன்னங்காலும் எதிர்ப்பக்கத்துப் பின்னங்காலும், இணையாக உயர்ந்திருந்தால் அது டிராட் என்னும் வேறு நடை. ஒரே பக்கத்துக் கால்கள் இரண்டும் இணைந்து நகர்ந்தால் அது பேஸ் என்னும் இன்னொரு நடை.

என் முதல் போட்டியில் இதை அறியாமல், வண்ணம் மாற்றித் தீட்டிய செம்பழுப்புக் குதிரை ஒன்றை மேசையில் வைத்தேன். நடுவர் அதற்கு இடம் தரவில்லை. பிறகு கேட்டபோது, உயர்ந்திருந்த குறுக்குக் கால்களைப் பென்சிலால் சுட்டிக்காட்டி, வண்ணவேலை நன்றாக இருந்தும் குதிரை டிராட்டில் போவதாக விளக்கினார். அன்று முதல், நிஜக் குதிரைகளின் காணொளிகளை ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்திப் பார்த்து, மாதிரியின் கால்நிலை அவற்றில் எங்கேனும் வருகிறதா என்று உறுதிசெய்த பிறகே வாங்குகிறேன். மாதிரி காட்டுவது நடையின் எந்தக் கணம் என்ற விவரத்தை ஒரு சிறு அட்டையில் எழுதி மாதிரியின் அருகில் வைப்பது நல்லது. எல்லா நடுவர்களும் இந்த நடையில் தேர்ந்தவர்களாக இருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

தொடக்கத்துக்கு, மாதிரிக் குதிரைகளைத் தயாரிக்கும் பிரேயர் நிறுவனம் 1972-இல் வெளியிட்ட ‘மிட்நைட் சன்’ மாதிரியைத் தேடலாம். நிஜ மிட்நைட் சன், டென்னசி மாநிலத்தின் ஷெல்பிவில் நகரில் இந்த இனக் குதிரைகளுக்காக நடக்கும் புகழ்பெற்ற போட்டியில் 1945, 1946 ஆகிய இரு ஆண்டுகளிலும் உலகப் பெரும் வாகையர் பட்டம் வென்ற கருங்குதிரை. ஆலையிலிருந்து வந்தபடியே இருப்பவை, மாற்றியமைக்கப்பட்டவை, கலைஞர்கள் ரெசின் என்ற செயற்கைப் பிசினில் வார்ப்பவை ஆகியன தனித்தனிப் பிரிவுகளில் போட்டியிடுவதால், பழைய மாதிரியில் நீங்களாக வண்ணம் தொடாதீர்கள்; தொட்டால் பிரிவே மாறிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முன்னங்கால்களை மிகையாக உயர்த்த வைப்பதற்காக நிஜக் குதிரைகளின் கால்களில் எரிச்சலூட்டும் வேதிப்பொருள்களைப் பூசி வலி உண்டாக்கும் ‘சோரிங்’ என்ற கொடுமை இந்த இனத்துக்கு நேர்ந்தது. அதைத் தடுக்கவே அமெரிக்காவில் 1970-இல் குதிரைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆகவே அந்த மிகை நடையை நினைவூட்டும் தடித்த அடுக்கு லாடமும் மிகையாக உயர்ந்த முன்னங்காலும் கொண்ட மாதிரிகளை, அவை எவ்வளவு அரிதானவையாக இருந்தாலும், நான் வாங்குவதில்லை. தட்டையான லாடத்துடன் இயல்பாக நடப்பவையே என் அலமாரியில் நிற்கின்றன.

பிரேயர் மாதிரிகள் பெரும்பாலும் செல்லுலோஸ் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. வெப்பத்தில் கால்கள் வளைந்துவிடும். போட்டிக்குக் கொண்டுபோகும்போது கோடை வெயிலில் காருக்குள் விட்டுச் செல்லாதீர்கள்.