வீட்டு சர்வர் வெளியே திறக்கவில்லையே, ஏன்?

கேள்வி: பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் நிறுவி வெப் சர்வர் நடத்தி வருகிறேன். சொந்தமாக ஒரு டொமைன் பெயரைப் பதிவு செய்து, அதன் ஏ ரெக்கார்டில் (பெயர் எந்த ஐபி முகவரிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவில்) 192.168.1.10 என்று கொடுத்தேன். வீட்டில் தளம் திறக்கிறது. நண்பர்கள் யாருக்கும் திறக்கவில்லை. தவறு எங்கே?

பதில்: தவறு அந்த எண்ணிலேயே இருக்கிறது. 192.168 என்று தொடங்கும் முகவரிகள் உள் நெட்வொர்க்குகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. உங்கள் வீட்டைப் போலவே நண்பர் வீட்டிலும் ஒரு 192.168.1.10 இருக்கலாம் என்பதால், அவருடைய பிரவுசர் உங்கள் சர்வரைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடி, அங்கே பிரிண்டர் ஏதாவது இருந்தால் அதன் கதவைத் தட்டிவிட்டுத் திரும்புகிறது. ஏ ரெக்கார்டில் இடம்பெற வேண்டியது, இணையச் சேவை நிறுவனம் உங்கள் இணைப்புக்குத் தந்திருக்கும் பொது ஐபி முகவரி.

அதை எழுதுவதற்கு முன், அப்படியொரு முகவரி உங்களுக்கு உண்டா என்று பார்த்துவிடுங்கள். ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'வான்' (WAN, வெளி இணைப்பு) என்ற பகுதியில் காணும் முகவரியும், ஐபியைக் காட்டும் இணையதளங்களில் தெரியும் முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். மாறாக, ரௌட்டரில் 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கும் முகவரி இருந்தால், நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுத் தருகிறது என்று பொருள். இந்தச் சோதனையைச் செய்யாமல் ரௌட்டரோடு நாள்கணக்கில் மல்லுக்கட்டுவோர் பலர். முகவரி அப்படிப் பங்கிடப்பட்டிருந்தால் உங்கள் ரௌட்டரில் எதை மாற்றினாலும் பயனில்லை. நிறுவனத்திடம் தனிப் பொது முகவரி கேட்கலாம், அல்லது வெளியே உள்ள ஒரு சிறிய வாடகை சர்வரிலிருந்து வீட்டுக்குச் சுரங்க இணைப்பு (டனல்) அமைத்து, வருகையாளர்களை அதன் வழியே உள்ளே கொண்டுவரலாம். புதிய வகை முகவரியான ஐபிவி6 இருந்தால், அதைக் குறிக்கும் ஏஏஏஏ ரெக்கார்டும் ஒரு வழிதான். ஆனால் பழைய வகையான ஐபிவி4 மட்டுமே உள்ளவர்களுக்குத் தளம் தெரியாது.

முகவரி உங்களுடையதே என்றால், அடுத்த வேலை போர்ட் ஃபார்வர்டிங். டொமைன் பெயர் வருகையாளரை ரௌட்டரின் வாசல் வரை மட்டுமே கொண்டுவந்து விடும். உள்ளே எந்தக் கணினியிடம் அனுப்புவது என்பதை ரௌட்டருக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். வெப் தளங்களுக்கான வாசல் எண்களான 80, 443 ஆகிய போர்ட்டுகளுக்கு வரும் கோரிக்கைகள் எங்கே போக வேண்டும் என்று அது கேட்கும் கட்டத்தில்தான், நீங்கள் ஏ ரெக்கார்டில் எழுதிய அந்த 192.168.1.10 இடம்பெற வேண்டும். அந்த எண் சர்வருக்கே நிலைத்திருக்குமாறு வீட்டுக் கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபி பகுதியில் ஒதுக்கியும் விடுங்கள். வேறு போர்ட்டுகளை, குறிப்பாக ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்தை, வெளியே திறந்துவிடாதீர்கள்.

பொது முகவரி அவ்வப்போது மாறுவதாக இருந்தால், மாறும்போதெல்லாம் ரெக்கார்டைத் தானே திருத்தும் டைனமிக் டிஎன்எஸ் நிரல் ஒன்றைச் சர்வரில் ஓட விடுங்கள். ரெக்கார்டைப் பிறர் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்று சொல்லும் டிடிஎல் மதிப்பு 300 வினாடி போதும். அது 86400 என்றிருந்தால் பழைய முகவரி ஒரு நாள் வரை பிறரின் நினைவகத்தில் தங்கிவிடும்.

எல்லாம் சரியான பிறகு நிலைமை தலைகீழாகி, நண்பர்களுக்குத் திறக்கும் தளம் உங்கள் வீட்டில் திறக்காமல் போகக்கூடும். உள்ளிருந்து கிளம்பித் தன் பொது முகவரிக்கே வரும் கோரிக்கையைத் திருப்பி உள்ளே அனுப்பச் சில ரௌட்டர்களுக்குத் தெரியாது. ஆகவே வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். ரௌட்டரில் அப்படித் திருப்பி அனுப்பும் நாட் லூப்பேக் வசதி இல்லையென்றால், வீட்டுக் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் (பெயர்களுக்கான முகவரிகளை அந்தக் கணினிக்கு மட்டும் சொல்லும் கோப்பில்) டொமைன் பெயருக்கு நேரே 192.168.1.10 என்று எழுதிவிடலாம்.