மத்தேயுவின் இரண்டு கழுதைகள்

அன்புள்ள ஐயா,

இயேசு எருசலேமுக்குள் நுழையும் காட்சியை நான்கு சுவிசேஷங்களிலும் அடுத்தடுத்து வாசித்தேன். மத்தேயுவில் மட்டும் கழுதை, குட்டி என இரண்டு வருகின்றன. மற்ற மூவரிடமும் ஒன்றுதான். தீர்க்கதரிசனம் பலித்ததாகக் காட்டக் கதையை வளைத்துவிட்டார்கள் என்கிறார் நண்பர். சபையில் கேட்டால், ஆராயாமல் விசுவாசி என்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் மத்தேயு இங்கே எடுத்துக்காட்டும் தீர்க்கதரிசனத்தை, பழைய ஏற்பாட்டின் சகரியா 9:9-ஐப் பாருங்கள். ராஜா ‘கழுதையின்மேலும் கழுதைக்குட்டியாகிய மறியின்மேலும்’ ஏறிவருகிறார். எபிரெயக் கவிதை ஒன்றையே இரண்டு முறை சொல்லும். இரண்டாவது வரி முதல் வரியைக் கொஞ்சம் கூர்மையாக்கும். ‘நிலவு வந்தது, வெண்மதி எழுந்தது’ என்று ஒருவர் பாடினால் நாம் இரண்டு நிலவைத் தேடுவதில்லை. சகரியாவிடம் இருப்பது ஒரே விலங்கு.

மத்தேயு அந்த ‘உம்’ இரண்டையும் எண்ணிவிட்டார். அவருக்குக் கவிதை புரியவில்லை என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. பக்கத்துக்குப் பக்கம் பழைய ஏற்பாட்டை எடுத்தாளும் மனிதர் அவர். ஒரு சொல்கூட வீணாகக் கூடாது என்ற பிடிவாதம்தான் அவரை இங்கே கொண்டுவந்தது என்பது என் ஊகம்.

வேடிக்கை என்னவென்றால், யோவானும் இதையே செய்கிறார், வேறோர் இடத்தில்: சிலுவையருகே சேவகர்கள் இயேசுவின் உடைகளைப் பங்கிடும் காட்சியில். சங்கீதம் 22:18-இல் வஸ்திரங்களைப் பங்கிடுவதும் உடையின்பேரில் சீட்டுப்போடுவதும் ஒரே செயல்தான். மாற்கு அப்படித்தான் எழுதுகிறார்: சீட்டுப்போட்டுப் பங்கிட்டார்கள், முடிந்தது. யோவானிடம் அது இரண்டு செயலாகிறது. வஸ்திரங்கள் நான்கு பங்கு, சேவகனுக்கு ஒன்று. அங்கி தனி. அது தையலில்லாமல் மேலிருந்து முழுவதும் நெய்யப்பட்டது, கிழிக்க மனம் வரவில்லை, அதனால் சீட்டு. மத்தேயுவைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

மாற்குவும் லூக்காவும் கழுதைக் காட்சியில் சகரியாவின் பெயரையோ வசனத்தையோ சொல்வதில்லை. ஆனால் லூக்காவுக்கு வேறொரு வழி உண்டு. நாசரேத்து ஜெப ஆலயத்தில் ஏசாயாவை வாசித்து, ‘இன்று நிறைவேறிற்று’ என்று இயேசுவையே சொல்லவைக்கிறார். மத்தேயுவில் ‘நிறைவேறும்படி’ என்பது பெரும்பாலும் கதை சொல்பவரின் குரல். ஒருவர் பாத்திரத்தைப் பேசவைக்கிறார், இன்னொருவர் ஓரத்தில் நின்று சுட்டிக்காட்டுகிறார்.

சரி, வளைத்தார்களா? முன்னறிவிப்புப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடித்தார்கள் என்று நினைத்தால்தான் அந்தக் கேள்வி எழும். நடந்ததற்கு அர்த்தம் தேடிப் பழைய வேதத்துக்குத் திரும்பிப் போனார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. யோவான் இதை மறைக்கவும் இல்லை. சீஷர்கள் இவைகளைத் துவக்கத்தில் அறியவில்லை, இயேசு மகிமையடைந்த பின்புதான் நினைவுகூர்ந்தார்கள் என்று 12:16-இல் எழுதிவைத்திருக்கிறார். சபையில் பேச்சு வந்தால் அந்த வசனத்தைக் காட்டுங்கள்.

அப்புறம், உங்கள் நண்பர் அடுத்து மத்தேயு 27:9-க்கு வருவார், தயாராக இருங்கள். இயேசுவைக் காட்டிக்கொடுக்க யூதாஸ் வாங்கிய முப்பது வெள்ளிக்காசைப் பற்றிய வார்த்தை எரேமியா சொன்னது என்கிறார் மத்தேயு. காசு இருப்பதோ சகரியா 11-இல். எரேமியாவிடம் குயவனும் நிலம் வாங்கிய கதையும் உண்டு, இரண்டையும் சேர்த்திருக்கலாம் என்று ஒரு விளக்கம் இருக்கிறது. எனக்கு அது முழுத் திருப்தி தரவில்லை.